பாதி விலை

அவருடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. வட்டகொடைப் பக்கம் அந்தப் பெயரைச் சொன்னால் எந்த லயம், அந்த வரிசை வீடுகளில் எத்தனையாவது காம்பரா என்பது வரைக்கும் சொல்லிவிடுவார்கள். என் அக்காவின் கணவர், எனக்கு மச்சான். எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். இப்போது ஓமானில் ஏதோ ஒரு ஹோட்டலில் ஏசி பழுதுபார்க்கிறார். நான் அதே தொழிற்சாலையின் ஆபீசில் கிளார்க். எனக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும் ஒன்பது வருஷம் அக்கா வீட்டில்தான் இருந்தேன்.

அந்த ஒன்பது வருஷத்தில் அவர் எந்தப் பொருளுக்கும் வீட்டில் சரியான விலையைச் சொல்லி நான் கேட்டதில்லை. பாதிதான் சொல்வார். சில சமயம் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக. ஹட்டனில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால், பொருளில் ஒட்டியிருக்கும் விலைக் காகிதத்தைப் பெருவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டே வருவார். தலவாக்கலை தாண்டுவதற்குள் காகிதம் போய்விடும். மிச்சமிருக்கும் பசையை வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பார். அவ்வளவு சிரத்தையாக வேறு எந்த வேலையையும் அவர் செய்து நான் பார்த்ததில்லை, தொழிற்சாலை மோட்டார்களைத் தவிர.

ஒரு தடவை அக்காவுக்குக் குடை வாங்கினார். ஆயிரத்து எண்ணூறு. நான் பக்கத்தில்தான் நின்றேன். வீட்டில் தொள்ளாயிரம் என்றார். அக்கா குடையை விரித்துப் பார்த்து, கம்பியை எண்ணி, "பரவால்லயே, உங்களுக்குப் பேரம் பேச வருது" என்றாள்.

அவள் உள்ளே போனதும், "ஏன் மச்சான் இப்படி?" என்று கேட்டேன்.

"ஆயிரத்து எண்ணூறுன்னு சொன்னா அவ அந்தக் குடைய மழையில நனைய விடமாட்டா மாப்ள. மடிச்சு பெட்டியில வச்சுட்டு, சாக்கைத்தான் தலையில போட்டுக்கிட்டுப் போவா."

அது உண்மைதான். அக்கா அப்படிப்பட்டவள்தான். ஆனால் அடுத்த வாரம் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா ஆயிரத்து எண்ணூறு ரூபாயைக் கொண்டுவந்து நீட்டி, எனக்கும் என் மருமகளுக்கும் அதே மாதிரி ரெண்டு குடை வாங்கிவந்து கொடுங்க என்றபோது, அவர் மறுபேச்சுப் பேசவில்லை. வாங்கிவந்து கொடுத்தார். மிச்ச ஆயிரத்து எண்ணூறை எங்கிருந்து போட்டார் என்று நான் கேட்கவில்லை. அந்த மாதம் முழுவதும் மத்தியானம் வீட்டு ரொட்டி மட்டும் தின்றார்.

எனக்கே அப்படிச் செய்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த நாட்களில் ஹட்டனில் கொம்பியூட்டர் படிப்புக்கு என்னைச் சேர்த்துவிட்டார். பதினெட்டாயிரம் என்றார். வேலை கிடைத்ததும் திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன், கொடுத்தும் விட்டேன். நான்கு வருஷம் கழித்து அவருடைய பழைய சப்பாத்துப் பெட்டியில் பல்பு தேடும்போது ரசீது கிடைத்தது. நாற்பதாயிரம். ரசீதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. இதை எழுதுவதற்குக் காரணம், பிறகு ஒரு கடன் பத்திரத்தில் நான் ஏன் கையெழுத்துப் போட்டேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு பதில் இல்லை என்பதுதான்.

பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில்தான் அவர் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தார். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு இரும்புச் சைக்கிள் ஒன்று வாங்கினார். எங்கள் பக்கத்து ரோட்டில் சைக்கிள் ஓட்டுபவர் கிடையாது. ஏறினால் மூச்சு வாங்கும், இறங்கினால் பிரேக் பிடிக்காது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "என்னங்கய்யா, சைக்கிள் உங்களைத் தள்ளுதா, நீங்க சைக்கிளைத் தள்ளுறீங்களா?" என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் கேட்பார்கள். ஆறே மாதத்தில் வட்டகொடையிலிருந்து நானுஓயா வரைக்கும் ஒரு இடத்திலும் காலை ஊன்றாமல் ஏறிப் போகத் தொடங்கினார். பெட்ரோல் வந்த பிறகும் நிறுத்தவில்லை. முப்பத்தெட்டு வயதில் அவருக்கு அது பிடித்துக்கொண்டது.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கும் சைக்கிள் போட்டியில் அந்த இரும்புச் சைக்கிளோடு போய் நின்றார். கொழும்பிலிருந்து வந்த பையன்கள் மெல்லிய ரேஸ் சைக்கிள்களோடு நின்றார்கள். அறுபது பேரில் ஒன்பதாவதாக வந்தார். ஓட்டத்தை நடத்தியவர்களில் ஒருவர் அவருடைய சைக்கிளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில், "இதை ஓட்டியா வந்தீங்க? நல்ல சைக்கிள் இருந்தா முதல் மூணுக்குள்ள வந்திருப்பீங்க" என்றார். நான் அந்த இடத்தில் நின்றேன். அந்த மனிதர் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். மச்சானுக்கு அது பேச்சாகப் படவில்லை.

அக்கா எதிர்க்கவில்லை. ஆச்சரியம்தான். போட்டிக்கு அவளும் வந்திருந்தாள், பார்த்திருந்தாள். "வாங்குங்க, ஆனா கைக்காசுக்கு வாங்குங்க" என்றாள். அவர் ஓவர்டைமில் சேர்த்தது தொண்ணூறாயிரம் இருந்தது. அக்கா தன் சீட்டு விழுந்த பணம் அறுபதாயிரத்தையும் எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "கடன்னு ஒரு பேப்பர் இந்த வாசப்படி தாண்டக் கூடாது."

அவள் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்பு அக்காவும் லயத்துப் பெண்கள் நான்கு பேரும் சேர்ந்து குழுக்கடன் எடுத்தார்கள். ஒருத்தி கட்டாமல் ஊரைவிட்டே போய்விட்டாள். வசூலுக்கு வந்த ஆள் எங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்தான். காலையில் வந்தவன் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. வேலைவிட்டு வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள். அக்கா காதில் கிடந்ததைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்குப் போன பிறகுதான் அவன் போனான். அந்த நாற்காலியை அக்கா பிறகு வீட்டுக்குள் எடுக்கவே இல்லை.

சைக்கிள் பார்க்க நானும் அவரும் ஹட்டனுக்குப் போனோம். கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லோரும் நானா என்பார்கள். அறுபது வயதிருக்கும். பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று வந்திருந்தது, அலுமினியம், யாரோ ஒரு வருஷம் ஓட்டியது. ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம். எங்கள் பைக்குள் இருந்த காசுக்குச் சரியாக இருந்தது. அதை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மச்சான் கடைக்கு எதிரே இருக்கும் ஏற்றத்தில் ஏறி, வளைவு வரை போய்த் திரும்பி வந்தார். "நல்லாருக்கு" என்றார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

அதற்குப் பக்கத்தில் புதிய சைக்கிள் ஒன்று கொக்கியில் தொங்கியது. கார்பன். மச்சான் அதைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நானாதான் இறக்கிக் கொடுத்தார். "பாக்குறத்துக்குக் காசில்ல தம்பி, ஓட்டிட்டு வாங்க" என்றார். அதே ஏற்றம், அதே வளைவு. போன வேகத்தில் திரும்பி வந்து இறங்கினார். அவர் முகம் வெளுத்திருந்தது. சந்தோஷம் இல்லை அது. பயம்.

"எவ்வளவு நானா?"

"நாலு லட்சத்து எண்பதாயிரம்."

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கடையின் மூலையில் ஒரு கடன் கம்பனிக்காரர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து வந்து, முன்பணம் ஒன்றரை லட்சம் கட்டினால் போதும், மிச்சத்தை மாதம் பதின்மூவாயிரமாக முப்பத்தாறு மாதம் கட்டலாம் என்றார். நான் போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். எல்லாம் கட்டி முடிக்கும்போது ஆறு லட்சத்துப் பதினெட்டாயிரம்.

நானா என்னைப் பார்த்து, "நான் ஒண்டு செல்றேன் தம்பி. இந்த ஆளுக்கு நான் மேசைக்கு இடம் வாடகைக்கித்தான் குடுத்தீக்கிறேன். யாரையும் அங்க போங்கண்டு நான் செல்ற இல்ல. கைல ஈக்கிற காசுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார். கடன்காரர் அதைக் கேட்டும் கேட்காதது போல் பேனாவை மூடித் திறந்தார்.

ஒரு வாரம் யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். அந்த வாரம் எங்கள் வீட்டில் மூச்சு முட்டியது. அக்காவுக்குக் கார்பன் சைக்கிள் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அந்த ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்ச் சைக்கிள் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சாப்பிடும்போது கிண்ணத்தின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். நான் தொழிற்சாலையில் அவரைத் தனியாகப் பிடித்தேன். மோட்டார் அறைக்குள் சத்தத்தில் காதுக்குப் பக்கத்தில் போய்ப் பேச வேண்டியிருந்தது.

"காசுக்கு எடுங்க மச்சான். ஓட்டம் உங்க கால்ல இருக்கு, சைக்கிள்ல இல்ல."

"கால்லதான் இருக்கு. அதான் சொல்றேன். இந்தக் கால் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கும், மூணு வருஷம் இருக்கும். காசு சேத்து அத வாங்குறப்ப எனக்கு நாப்பத்தாறு. அப்ப அத வச்சு என்ன பண்றது?"

"அக்காகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா என்ன சொல்லுவான்னு உனக்குத் தெரியும்ல."

"அப்ப விட்டுருங்க."

அவர் துணியில் கையைத் துடைத்தார். பிறகு, "பிணைக்கு சம்பளச் சீட்டு உள்ள ஆள் ஒருத்தர் வேணுமாம்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஹட்டனில், கடன் கம்பனியின் மாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். பத்திரம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. நான் ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். மூன்று மாதம் கட்டத் தவறினால் சைக்கிளை எடுத்துக்கொள்வார்கள். எடுத்து விற்றும் காசு போதாவிட்டால் பிணை போட்டவர் கட்ட வேண்டும். கடன் முடியும் வரை சைக்கிளை யாருக்கும் விற்கக் கூடாது. கடைசிப் பக்கம் வந்தபோது மச்சான் மெதுவாகச் சொன்னார், "மாப்ள, மனசில்லன்னா எந்திரிச்சுருவோம். நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

எழுந்திருக்கலாம்தான். அவரைப் பார்த்தேன். கம்பனி மேசையில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். எனக்கு நாற்பதாயிரம் ரூபாய் ரசீது ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

சைக்கிளைப் பார்த்ததும் அக்கா தூக்கிப் பார்த்தாள். "ஐயோ, கோழிக்குஞ்சு கணக்கா இருக்கு. நூத்தி நாப்பத்தஞ்சுதானே? மிச்சம் அஞ்சாயிரம் எங்க?" என்றாள். அவர் பையிலிருந்து ஐந்து ஆயிரம் ரூபாய் நோட்டுகளை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். நான் டயரைத் தொட்டுப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன். குடைக்கு அவர் விலை குறைத்துச் சொன்னபோது அக்காவை நேராகப் பார்க்க முடிந்திருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி எனக்குத் தெரியும். அவர் கட்டிவிட்டு வந்து ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று தலையை ஆட்டுவார். நான் மூச்சு விடுவேன். சம்பளத்தில் கை வைக்க முடியாது, அக்காவுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஞாயிறு, பௌர்ணமிப் போயா லீவு என்று பார்க்காமல் ஓவர்டைம் செய்தார். வேலைக்கு முன்னால் விடிய நாலரைக்கு எழுந்து நானுஓயாவுக்கு ஏறி இறங்கி வருவார். இளைத்துப் போனார். ஆனால் ஓட்டம் வந்துவிட்டது. அந்த ஏப்ரலில் மூன்றாவதாக வந்தார். முப்பதாயிரம் ரூபாய் பரிசும் ஒரு கோப்பையும். அக்கா கூட்டத்துக்குள் நின்று அழுதாள். நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் வேலை செய்யும் சிங்களப் பையன் ஒருவன், ஐந்தாவதாக வந்தவன், சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எப்போதாவது விற்பதாக இருந்தால் சொல்லுங்கள் என்று அக்காவிடம் நம்பரைக் கொடுத்தான். அக்கா அதைக் கலண்டரில் எழுதிவைத்தாள். அந்த ஒரு நாள் நானும் நினைத்தேன், மச்சான் சொன்னதுதான் சரி, நான்தான் பயந்தவன் என்று.

ஆகஸ்டில் தோட்டத்து நிர்வாகம் கொழுந்தை வேறொரு தோட்டத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பத் தொடங்கியது. எங்கள் மெஷின்கள் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடின. ஓவர்டைம் நின்றது. பத்தாம் தேதி அவர் ஜன்னலுக்கு வரவில்லை. செப்டம்பர் பத்தாம் தேதியும் வரவில்லை. கம்பனியிலிருந்து எனக்கு ஆபீசுக்கே போன் வந்தது. முதலில் மரியாதையாகப் பேசினார்கள். இரண்டாம் தடவை, உங்கள் மேலதிகாரியிடம் பேச வேண்டுமா என்று கேட்டார்கள். நான் குரலைத் தாழ்த்தி, கட்டிவிடுவார், கட்டிவிடுவார் என்றேன். பெரிய கிளார்க் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"அக்காகிட்ட சொல்லிருங்க மச்சான். நான் என் சம்பளத்துல ஒரு மாசம் கட்டுறேன். ஆனா சொல்லிருங்க."

"சொல்றேன். இந்த மாசம் போகட்டும்."

"எவ்வளவு பாக்கின்னு அக்கா கேட்டா?"

"ஒரு இருபதாயிரம்னு சொல்லுவோம்" என்றார். அடுத்த தவணையும் அபராதமும் சேர்ந்தால் நாற்பதாயிரத்துக்கு மேல் வரப்போகிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. விலையைக் குறைத்துச் சொல்லிச் சொல்லி, தனக்குத் தானேயும் பாதிதான் சொல்லிக்கொள்கிறார் என்று தோன்றியது.

அக்டோபரில் காற்று எங்கள் லயத்துக் கூரைத் தகரங்களில் பாதியைக் கொண்டுபோனது. மூன்று நாள் மழைக்குள் பொலித்தீன் கட்டிக்கொண்டு இருந்தோம். நிர்வாகம் தகரம் தரும் என்றார்கள், தரவில்லை. நான்காம் நாள் வியாழக்கிழமை சாயந்தரம் நானும் மச்சானும் வேலை முடிந்து ஒன்றாக வீட்டுக்கு வந்தோம். கூரையில் புதுத் தகரம் அடித்திருந்தது. அக்கா குளித்து, நெற்றியில் திருநீறு வைத்து, டீயோடு நின்றாள்.

சைக்கிள் நிற்கும் மூலை காலியாக இருந்தது.

"உக்காருங்க" என்றாள். "சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. அந்த நுவரெலியாப் பையனுக்குப் போன் பண்ணேன். காலையில வேனோட வந்து எடுத்துட்டுப் போயிட்டான். நீங்களா விக்க மாட்டீங்க, மனசு வராது. கூரை பறந்ததுலருந்து நீங்க வாயே தொறக்கல. அதான் நானே செஞ்சுட்டேன்." பிறகு குரலில் ஒரு பெருமை வந்தது. "எவ்வளவுக்குன்னு கேளுங்க. நூத்தி அறுவது! ஓட்டுன சைக்கிளுக்குப் பதினஞ்சாயிரம் லாபம். உங்களுக்கு மட்டும்தான் பேரம் பேச வருமா?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் டீக் கிளாசைக் கையில் பிடித்தபடி நின்றார். இப்போது சொல்வார், இப்போது சொல்லியே ஆக வேண்டும் என்று நினைத்தேன். விற்கக் கூடாத சைக்கிள். விலையில் மூன்றில் ஒரு பங்குக்குப் போய்விட்டது. தகரத்துக்கும் காசு போய்விட்டது. பத்திரத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அவர் ஒரு வாய் டீ குடித்தார்.

"நல்ல விலைதான்" என்றார்.

அவ்வளவுதான். என்னால் முடியவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு லட்சத்து எண்பதாயிரம், முப்பத்தாறு மாதம், பதின்மூவாயிரம், மூன்று மாதப் பாக்கி, பத்திரம், பிணை. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் என்னைத் தடுக்கவில்லை. அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்தாள்.

"நீ எப்ப கையெழுத்துப் போட்ட?"

"போன வருஷம் ஆகஸ்ட்ல."

"அப்பலருந்து தெனம் என் கையால சோறு வாங்கித் தின்னுருக்க."

"அக்கா…"

"அவரு பொய் சொல்ற ஆளு. சின்னப் பொய்யோ பெரிய பொய்யோ, அது அவரு குணம். நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்துருக்க." கலண்டரைக் கழற்றி அந்த நம்பரைப் பார்த்தாள்.

மறுநாள் மூன்று பேரும் வாடகை வேன் பிடித்து நுவரெலியாவுக்குப் போனோம். அக்காதான் முன்னால் நடந்தாள். தகரத்துக்குப் போன நாற்பத்தைந்தாயிரத்தை நான் போட்டு ஒரு லட்சத்து அறுபதாயிரத்தையும் முழுதாக எடுத்துப்போனோம். அந்தப் பையன் ஹோட்டலின் பின்வாசலுக்கு வந்தான். அக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், எதையும் மறைக்காமல், அது கடன் சைக்கிள், தெரியாமல் விற்றுவிட்டேன், என் தம்பி ஜெயிலுக்குப் போவான், திருப்பிக் கொடு என்றாள். அவன் காசைத் தொடவில்லை. நான் ஏமாற்றவில்லையே அக்கா, நீங்கள் சொன்ன விலைக்குத்தானே எடுத்தேன் என்றான். சரிதான் என்றாள் அக்கா. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூட வேலை செய்யும் ஒருவன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, கொடுக்காதே என்பது போல் கையாட்டினான். அந்த ஐந்து நிமிஷம் எனக்கு மறக்காது. கடைசியில் அவன், விலை தெரிந்துதான் எடுத்தேன், நேற்றிலிருந்து எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். மச்சான் அவனுடைய கையைப் பிடித்தார். அவன் கையை விடுவித்துக்கொண்டு காசை எண்ணினான்.

அங்கிருந்து நேராக ஹட்டன், நானாவின் கடை. சைக்கிளை வேனின் பின்சீட்டில் படுக்க வைத்திருந்தோம். கடையில் அக்கா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பத்திரத்தை எடுத்து மச்சான் கையில் கொடுத்தாள்.

"வாசிங்க. எனக்குப் புரியிற மாதிரி தமிழ்ல சொல்லுங்க. ஒரு எழுத்து விடாம."

கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். மூலை மேசைக்காரரும் இருந்தார். நானா அவர்களைப் பார்த்து வெளியே போகச் சொல்லிக் கண் காட்டினார். மச்சான் வாசித்தார். சைக்கிளின் விலை. முன்பணம். கடன். வட்டி. வட்டி வந்த இடத்தில் குரல் இறங்கியது. "கேக்கல" என்றாள் அக்கா. திரும்ப வாசித்தார். மொத்தத் தொகை வந்தபோது நெற்றியில் வேர்த்திருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நானா, இன்னைக்கே கடன முடிச்சா எவ்வளவு?"

நானா மூலை மேசைக்காரரிடம் கேட்டுவந்து சொன்னார். அபராதத்தோடு இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். சைக்கிளைத் தான் விற்றுக் கொடுத்தால் மூன்று லட்சத்து எழுபதாயிரம் வரை போகும் என்றும், தனக்கு அதில் எதுவும் வேண்டாம் என்றும் சொன்னார்.

"விக்காம வச்சிருந்தா?"

"பாக்கிய எல்லாம் கட்டிப்போட்டு, மாசம் பதிமூணு படி கட்டோணும் தங்கச்சி. முதல் கட்டின பதினொண்டும் போக, பாக்கி மூண்டோட சேத்து இருவத்தஞ்சு தவண ஈக்குது."

அக்கா எழுந்து போய்ச் சைக்கிளின் இருக்கையில் கையை வைத்தாள். ஏப்ரலில் அவள் கூட்டத்துக்குள் நின்று அழுததை நான் பார்த்தவன். அவள் விற்கச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் அவரைப் பார்த்து, "உங்களுக்கு இது வேணுமா?" என்று கேட்டாள்.

அவர் ஆம் என்று தலையை ஆட்டினார்.

"சரி. என் பேர்லயும் சம்பளம் வருது. நானும் போடுறேன். ஆனா ஓவர்டைம் இனி வராது. ஓவர்டைம் இல்லாம, வயித்தக் கட்டாம, இருவத்தஞ்சு தவணையும் உங்களால கட்ட முடியுமா? என் மனசு நோவாம சொல்ல வேணாம். உள்ளதச் சொல்லுங்க."

அவர் சைக்கிளைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த ஏற்றத்தைப் பார்த்தார். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. முடியும் என்றுதான் சொல்வார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இவ்வளவு வருஷம் அவரோடு இருந்தவன் நான்.

"முடியாது" என்றார்.

அக்கா இருக்கையிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப வித்துருங்க நானா" என்றாள்.

சைக்கிளைக் கடையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அக்கா பத்திரத்தை வாங்கித் தன் பைக்குள் வைத்தாள். வட்டகொடை பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எதிரே தேநீர்க் கடை.

"டீ குடிப்பமா?" என்று அவரைக் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. இருவரும் ரோட்டைக் கடந்தார்கள். நான் கடை வாசலிலேயே நின்றேன். பாதி ரோட்டில் அவர் நின்றார். வந்த லொறி ஒன்று ஹாரன் அடித்தும் நகராமல், என் பக்கம் திரும்பிக் கையை ஆட்டிக் கூப்பிட்டார்.